துண்டுத் துணியும் சேர்ந்தால் போர்வை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் குழு சார்பாகப் பேசியது)



தையல் கூடத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் அமெரிக்காவில் இருக்கிற ஒரு கிராமத்தைப் பற்றிப் பேசப் போறேன். எதுக்குன்னு கடைசியில் சொல்றேன்.

அந்த ஊர் பேரு ஜீஸ் பெண்ட். அலபாமா மாநிலத்தில் இருக்கு. மூணு பக்கமும் ஆறு. ஒரு காலத்தில் பருத்திப் பண்ணை. அங்கே அடிமைகளாக வேலை செஞ்ச கறுப்பின மக்களோட பேரப்பிள்ளைகள்தான் இன்னைக்கும் அந்த ஊர்க்காரங்க.

குளிருக்குப் போர்வை வாங்கக் காசில்லை. அதனால் கிழிஞ்ச சட்டை, பேண்ட், மாவு மூட்டைத் துணி எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டி ஒட்டுப் போட்டுத் தைப்பாங்க. மேலே அந்த ஒட்டுத் துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூணையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல். இதுக்குக் குயில்ட்டுன்னு பேரு. நம்ம பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைச்சுப் பிள்ளைக்கு விரிச்சாங்களே, அதே வேலைதான்.

மிசௌரி பெட்வே என்கிற அம்மாவின் கணவர் இறந்துபோனார். அவர் காட்டு வேலைக்குப் போட்டிருந்த துணிகளையெல்லாம் எடுத்து 1942-இல் அந்தம்மா ஒரு போர்வை தைச்சாங்க. அவரை நினைச்சுக்கிட்டுப் போர்த்திக்கத்தான். இதைக் கேட்டப்போ எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. அப்பா தவறின பதினாறாம் நாள் அவர் துணியெல்லாம் கொடுத்துட்டாங்க. அம்மா மட்டும் ஒரு சட்டையை எடுத்துத் தலையணை உறைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. யாருக்கும் சொல்லலை. துணின்னா வெறும் துணி இல்லைன்னு பெண்களுக்கு எந்த நாட்டிலும் தெரியும்.

1960-களில் அந்த ஊர்க்காரங்க ஓட்டுரிமை கேட்டு ஆத்தைத் தாண்டிப் பக்கத்து டவுனுக்குப் போனாங்க. 1962-இல் படகு நின்னு போச்சு. அது திரும்ப ஓட 44 வருஷம் ஆச்சு, 2006-இல்தான் வந்துச்சு. அதுவரைக்கும் எதிரே கண்ணுக்குத் தெரியிற டவுனுக்கு ஊரைச் சுத்தித்தான் போகணும். ஓட்டுக்காகப் பதிவு செஞ்ச சிலர் குடியிருந்த நிலத்தையும் வேலையையும் இழந்தாங்க.

அந்த நேரத்தில், 1966-இல், அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. பேரு ஃபிரீடம் குயில்ட்டிங் பீ. விடுதலைத் தையல் கூட்டம்னு சொல்லலாம். பிரான்சிஸ் வால்டர் என்கிற பாதிரியார் உதவி செஞ்சார். வீட்டில் கிடந்த போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போச்சு. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்கிற அம்மா சங்கத்தை முன்னே நின்னு நடத்தினாங்க. சொந்தமா நிலம் வாங்கி, 1969-இல் தையல் கூடம் திறந்தாங்க. வீட்டை இழந்த சில குடும்பங்களுக்கு அந்த நிலத்திலேயே மனை வித்தாங்க. இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். சேர்ந்தால் இதுவும் முடியுமான்னு இருந்துச்சு.

1972-இல் சியர்ஸ் என்கிற பெரிய கம்பெனி, கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்க ஆர்டர் கொடுத்துச்சு. நிலையான கூலி வந்துச்சு. ஆனால் எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. அவங்கவங்க கை வண்ணத்துக்கு அதில் இடமில்லை. அப்போ என்ன செஞ்சாங்க தெரியுமா? மிஞ்சின கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், தங்கள் மனசுப்படி போர்வை தைச்சாங்க. 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டி வச்சாங்க. 2006-இல் 10 தபால்தலைகளில் அந்தப் போர்வைகள் வந்துச்சு. தலையணை உறை எதுவும் தபால்தலையில் வரலை.

கதை இத்தோடு முடியலை. பேரும் பணமும் வந்தபிறகு, தங்களுக்குச் சேர வேண்டியது சேரலைன்னு மூணு பெண்கள் 2007-இல் வழக்குப் போட்டாங்க. அடுத்த வருஷம் சமரசம் ஆச்சு. உறுப்பினர்களுக்கு வயசாகி, 2012-இல் சங்கமும் மூடியாச்சு. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் இன்னைக்கும் தைக்கிறாங்க.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். நம்ம கூடத்துக்கு ஒரே இடத்தில் இருந்து வருஷம் முழுக்கப் பை தைக்கிற ஆர்டர் பேசிட்டுப் போயிருக்காங்க. அடுத்த கூட்டத்தில் முடிவு எடுக்கணும். வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். மாசம் பிறந்தால் தவணை கட்டணும், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டணும், எனக்கும் தெரியும். ஆனால் மூணு விஷயம் தீர்மான நோட்டில் எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, ஒப்பந்தத்தைத் தமிழில் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டி, புரிஞ்ச பிறகுதான் கையெழுத்து. ரெண்டு, வாரத்தில் ஒரு நாள் மதியம் நம்ம சொந்த வேலை. இப்போ குப்பையோடு எரிக்கிற துண்டுத் துணியை எடுத்து அவங்கவங்க விருப்பப்படி தைக்கணும். மூணு, அப்படித் தைச்சதுக்குப் பின்னாடி தைச்சவ பேரையும் ஊர்ப் பேரையும் நூலால் எழுதணும். வித்த காசுக்குத் தனிக் கணக்கு வேணும்.

என்னோட முதல் போர்வைக்கு அம்மாகிட்ட அந்தச் சட்டையைக் கேட்டேன். முதலில் தரமாட்டேன்னு சொன்னாங்க. போன வாரம் அவங்களே எடுத்துக் கொடுத்து, "வெட்டும்போது பாக்கெட்டை வெட்டிராதே, அப்படியே வச்சுத் தை"ன்னு சொன்னாங்க. அப்படியே வச்சுத் தைச்சிருக்கேன். வெளியே மேசையில் விரிச்சிருக்கு. அது விலைக்கு இல்லை, எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போங்க.