சொல்லிவிட்டுத்தான் பாடம் நடத்த வேண்டுமா?



சினிமாவில் ‘இளகிய மனமுள்ளவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று போடுவார்களே, அதைப் பாடத்துக்கும் போடலாமா என்று அமெரிக்காவில் பத்தாண்டுக்கு மேலாக ஒரு சர்ச்சை. பலாத்காரமோ தற்கொலையோ வருகிற பாடமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். ‘ட்ரிக்கர் வார்னிங்’ என்று பெயர்.

ஓபர்லின் கல்லூரியின் கையேடு, தமிழில் ‘சிதைவுகள்’ என்று வந்துள்ள சினுவா அச்செபே நாவலையே இதற்கு உதாரணம் காட்டியது! ஆசிரியர்கள் எதிர்க்கவே 2014-இல் அந்தப் பகுதி விலக்கப்பட்டது. 2016-இல் சிகாகோ பல்கலைக்கழகம், ‘இதற்கு எங்கள் ஆதரவில்லை’ என்று புது மாணவர்களுக்குக் கடிதமே போட்டது. 2023-இல் கார்னெல் மாணவர் பேரவை இதைக் கட்டாயமாக்கக் கேட்டது. தலைவர் மார்த்தா பொல்லாக் மறுத்துவிட்டார்.

சரி, பலன் உண்டா? அதே 2023-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டிச் சொன்னதால் வேதனை குறையவில்லை. படிக்குமுன் பதற்றம்தான் கூடியது. ‘சொன்னால் பசங்க படிக்காம ஓடிடுவாங்க’ என்ற பயமும் பலிக்கவில்லை. ஆக, இரண்டு கட்சிக்கும் தோல்வி!

ஆனால் சராசரிக் கணக்கில், நிஜமாகவே அடிபட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பெண் தெரிவதில்லை. அவளுக்கு அச்சடித்த ஒரு வரி எந்த மூலைக்கு? ‘சார், இந்தப் பாடம் மட்டும் என்னால முடியாது’ என்று அவள் வந்து நின்றால், ஏன் என்று குடையாமல் வேறு பாடம் கொடுக்கிற வாத்தியார் வேண்டும். தீர்மானம் போட்டு அப்படிப்பட்டவரை வரவழைக்க முடியுமா? இங்கே படிக்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.