தூணுக்குப் பின்னால் நின்ற தாய்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



படிப்பு முடிந்ததும் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் சின்னதாக ஸ்டுடியோ போட்டவன் நான். செட்டிநாட்டுக் கல்யாணங்களை நூற்றுக்கணக்கில் வீடியோ எடுத்திருக்கிறேன். "அதுல பேச என்னப்பா இருக்கு?" என்பீர்கள். இருக்கிறது.

தாயை வணங்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் ஊரில் தமிழ்த்தாய்க்கே கோயில் இருக்கிறது. பாரத மாதாவை 1905-ல் அபனீந்திரநாத் தாகூர் நான்கு கைகளோடு வரைந்தார். அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, 2005-ல் நளினி மலானி என்ற கலைஞர் 'மதர் இந்தியா' என்ற வீடியோ படைப்பைச் செய்தார். வெனிஸ் கலை விழாவில் ஐந்து பெரிய திரைகளில் ஓடியது அது. 1946-ல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு இந்தியா வந்தவர் அவர். பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்கள், 2002 குஜராத் கலவரத்தில் சீரழிக்கப்பட்ட பெண்கள், இவர்கள் வலிதான் அதன் பொருள். சமூகவியலாளர் வீணா தாஸின் கட்டுரை அதற்கு அடிப்படை. தேசத்தைத் தாய் என்று கும்பிட்டவர்கள், வீட்டுத் தாய்மாரை என்ன செய்தார்கள் என்று அது கேட்கிறது.

அந்தக் கேள்வி என்னையும் சுட்டது.

1991-ல் என் தங்கச்சி கல்யாணம். கேமரா என் தோளில். அப்பா இல்லை. ஆத்தா வெள்ளைச் சேலையில் வளவில் நின்றார்கள். "ஆத்தா, படத்துல விழுகிறே, கொஞ்சம் தள்ளிக்க" என்றேன். ஊர் வழக்கம் வேறு. அதற்கு நானும் ஒத்து ஊதினேன். ஒன்றும் பேசாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

ஆத்தா காலமான பின், கேசட்டை டிவிடிக்கு மாற்றும்போது பார்த்தேன். திருப்பூட்டும் நேரம். கெட்டிமேளம். கேமரா திரும்பிய மூன்று விநாடியில் தூணோரம் ஆத்தா: வாயைப் பொத்தியபடி, கண்ணில் நீரோடு. மூன்று மணி நேரக் கேசட்டில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். இன்று எங்கே கெட்டிமேளம் கேட்டாலும் அந்தத் தூண்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

தம்பி, தங்கைகளே, இன்று உங்கள் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. கொடியை எடுங்கள், மேடையை எடுங்கள், மாலையை எடுங்கள். அப்புறம் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். அங்கே யாரையாவது நாம் தள்ளி நிற்கச் சொல்லியிருப்போம். அவர்களை முன்னால் கூப்பிட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.