கைக்குப் பிடிபடாத செல்வம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா நான். எடை போடுதலும் ரசீது எழுதுதலுமே நான் அறிந்த தொழில். எடை போட இயலாத பொருளைப் பற்றி இன்று பேசத் துணிந்தமைக்கு என் தாயாரே காரணம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு தகரப் பெட்டியுடன் இந்த டாக்குரியாவுக்கு வந்தார். பெட்டியில் அடங்காத ஒன்றையும் உடன் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு வாயிலில் நாள்தோறும் விடியுமுன் அவர் இட்ட சிக்குக் கோலத்தை நீங்கள் அறிவீர்கள். செய்தித்தாள் போடும் வங்காளிப் பையனும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதனைத் தாண்டுவான். அவசரத்தில் மிதித்து வசவு வாங்கியவன் நான் ஒருவனே!

சென்ற ஆண்டு புரட்டாசியில் அவர் காலமானார். பெட்டியில் கோல நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. மகிழ்ந்து பிரித்தேன். "15 புள்ளி, இடுக்கு, 8 வரை" என்ற கணக்கும் பென்சில் புள்ளிகளுமே இருந்தன. இழை எங்கே தொடங்கும், எப்புள்ளியைச் சுற்றித் திரும்பும் என்பது இல்லை. எழுதிவைக்க வேண்டிய செய்தியாக அது அவருக்குத் தோன்றவில்லை போலும். என் மகள் ஒரு மாதம் முயன்றாள். இழை தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. தாலாட்டின் ராகமும் வற்றல் குழம்பின் பக்குவமும் இப்படித்தான் வீட்டைவிட்டுப் போகின்றன.

இத்தகைய மரபுகளைக் காக்கவென்றே யுனெஸ்கோ 2003-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை கண்டது. கல்கத்தாவின் துர்கா பூஜை 2021 டிசம்பரில் அதன் பட்டியலில் இடம் பெற்றது. அப்பூஜையில் நிலைத்து நிற்கும் பொருள் யாது? பந்தலைப் பிரித்து விடுகிறார்கள். களிமண் பிரதிமை ஆற்றில் கரைகிறது. ஆயினும் மறு ஆண்டு அன்னை மீண்டும் எழுந்தருளுகிறாள். குமார்டுலிக் குயவரின் மகன் தந்தையின் அருகில் அமர்ந்து மண் பிசைந்திருக்கிறான் அல்லவா?

வங்காளப் பெண்டிரின் ஆல்பனாவும் நம் கோலத்துக்கு உறவே. கோஜாகரி லக்ஷ்மி பூஜையன்று அரிசி மாவைக் கரைத்து விரலால் தேவியின் பாதச் சுவடுகளை வரைகின்றனர். கோகுலாஷ்டமிக்கு நாம் கண்ணன் பாதம் இடுவதைப் போலவே. அவனீந்திரநாத் தாகூர் 'பாங்ளார் பிரத' என்னும் நூலில் இந்த ஆல்பனாக்களைப் பேணி எழுதியது 1919-இல்.

எதிர் வீட்டு மாசிமா என் தாயார் கோலமிடுகையில் பல்லாண்டு பார்த்து நின்றவர். "மூன்றாவது வரிசையில் உன் அம்மாவின் கை இடப்புறம் திரும்பும்" என்று அவர்தாம் சொன்னார். அவ்வாறே இட்டதும் பாதிக் கோலம் கூடிவந்தது. வெட்கமாகவும் இருந்தது; ஒரே வீட்டில் இருந்தும் நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லையே!

மீதிப் பாதி இன்னும் கூடவில்லை. வரும் மார்கழி முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு என் மகள் மறுபடியும் புள்ளி வைப்பாள். அம்மாவின் கையைப் பார்த்திருக்கும் தாய்மார்கள் அருள்கூர்ந்து எங்கள் வாயிலுக்கு வரவேண்டும். குழந்தைகளையும் எழுப்பி அழைத்து வாருங்கள். காப்பி எங்கள் வீட்டில்.