முழங்கால் வலியும் இருதய ஆரோக்கியமும்

(மைசூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைசூர்க்காரர்களுக்கு தேக ஆரோக்கியத்தின் அளவுகோல் சாமுண்டி மலைதான். "இன்னும் படியேறித்தான் போகிறேன்" என்று எழுபது வயதுக்காரர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தெரியும். தொட்ட தேவராஜ உடையார் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த அந்தப் படிகள் சுமார் ஆயிரம். முழங்காலில் அடிபட்டாலோ, மூட்டு தேய ஆரம்பித்தாலோ முதலில் நிற்பது இந்த மலையேற்றம். அது மட்டும் நின்றால் பாதகமில்லை. கூடவே காலை நடையும் நிற்கிறது, கடைத்தெருவுக்குப் போவதும் நிற்கிறது. ஈஸிசேரும் டி.வி.யும்தான் மிச்சம். எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறது. முழங்காலுக்குக் கொடுத்த ஓய்வை நம்மை அறியாமல் இருதயத்துக்கும் கொடுத்துவிடுகிறோம்.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைத் தென்மேற்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகள் கவனித்து நடத்திய ஆய்வு ஒன்று 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பொது ஜனங்களைவிட இவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. அதில் இருதய நோய்க்குப் பெரும் பங்கு. எவருக்கு நடமாட்டம் மிகவும் குறைந்ததோ அவருக்கே ஆபத்து அதிகம். ஆகவே முழங்காலை வருத்தாமல் இருதயத்துக்கு எப்படி வேலை கொடுப்பது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

முதலில் முழங்கால் தாங்கும் பாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள், அளவு காட்டும் கருவி பொருத்திய செயற்கை முழங்காலை ஐந்து பேருக்கு வைத்து, 2010இல் கணக்கை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் முழங்காலில் விழுகிறது. படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு! 70 கிலோ உள்ளவர் படி இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய 240 கிலோ. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை. அதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு சைக்கிள் பயிற்சியையும் அளந்தார்கள். மிதமாக மிதிக்கும்போது பாரம் உடல் எடையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். சைக்கிள் மிதித்தால் மூட்டு தேயும் என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இனி பயிற்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, சைக்கிள். மைசூரில் 2017இல் 'ட்ரின் ட்ரின்' என்ற வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியபோது நம் ஊர்த் தெருக்களுக்கு அது பொருத்தம் என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் முழங்கால் சரியில்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளே உத்தமம், விழும் பயமில்லை. ஸீட்டின் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஸீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, சிப்பியின் பின்னால் வலிக்கும். இறுக்கத்தைக் குறைத்து வைத்து லகுவாக மிதியுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் பாதிதான் காலில் இறங்கும். மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நீச்சல் தெரிய வேண்டும் என்பதில்லை. நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பகுதியில், கைப்பிடிக்கு அருகில், முன்னும் பின்னும் நடந்தாலே இருதயத்துக்கு நல்ல வேலை. நீந்துபவர்கள் தவளைபோல் காலை உதைக்கும் முறையைத் தவிர்க்கவும். அது முழங்காலைப் பக்கவாட்டில் திருகும்.

மூன்றாவது, சமதரை நடை. 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வெட்டிய குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி வந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர். ஒரே மூச்சில் சுற்ற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்து நிமிஷம் நடந்து, உட்கார்ந்து, திரும்பி வரலாம். சென்னை அங்கத்தினர்கள் மெரினாவின் மணலில் கால் புதைய நடப்பதைவிட நடைபாதையில் நடப்பது நல்லது. ஊன்றுகோல் வைத்துக்கொள்ள வெட்கம் வேண்டாம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் அதைப் பிடிக்க வேண்டும்.

நான்காவது, நாற்காலிப் பயிற்சி. காலை ஊன்றவே முடியாதவர்கள், கை இல்லாத உறுதியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளையும் ஓடுவது போல் வீசலாம், மேலே உயர்த்தி இறக்கலாம். ஐந்து நிமிஷம் விடாமல் செய்தால் இருதயம் வேகமாகத் துடிப்பது உங்களுக்கே தெரியும்.

யோகாசனம் செய்யலாமா என்று கேட்பார்கள். யோகாவுக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஊரிலிருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வேனா? நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், இளைஞர்களுக்குத் துள்ளிக் குதிக்கும் ஆசனங்களைக் கற்பித்தார். பிற்காலத்தில் சென்னையில், அவரவர் வயதுக்கும் தேக நிலைக்கும் தக்கபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அந்த இரண்டாவது பாடமே நமக்குத் தேவை. அடிபட்ட முழங்காலை பத்மாசனத்தில் பலவந்தமாக மடக்குவது யோகம் ஆகாது. சந்தியாவந்தனம், பூஜைக்கும் இதே நியாயம்தான். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம்.

எவ்வளவு செய்வது? வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரேயடியாக அங்கே தாவ வேண்டாம். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டுங்கள். வேகத்துக்கு எளிய அளவு உண்டு. பயிற்சியின் நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நிதானமாக ஒரு கீர்த்தனம் பாட முடிகிறதா? வேகம் போதாது. நாலு வார்த்தை பேசவே திணறுகிறதா? குறைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு நாடித் துடிப்பு ஏறாது. அவர்கள் நாடியை நம்பாமல் இந்தப் பேச்சு அளவையே நம்ப வேண்டும். லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால், முந்தைய தினம் செய்தது அதிகம் என்று பொருள்.

எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின் முடிவு இது. ஒரு நடைக்கு எத்தனை ஆயிரம் அடி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள். முழங்கால் திடீரென்று வீங்கினால், மடக்க நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டால், நிற்கும்போது நழுவினால், சூடாகிச் சிவந்து ஜுரம் வந்தால், பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். அடிபட்ட பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். பயிற்சியில் நெஞ்சு வலியோ, மயக்கமோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருதய நோயாளிகளும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்டே ஆரம்பிக்க வேண்டும்.

மலைக்குப் போகவே கூடாதா என்று மாமிகள் கேட்பது காதில் விழுகிறது. மேலே வரை ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. வலி முற்றிலும் தணிந்து, டாக்டரும் சரி என்றால், முடிந்த அளவு படி ஏறுங்கள். ஆனால் இறங்குவதற்குப் பஸ்ஸில் வாருங்கள். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நாளைக் காலையே, உட்கார்ந்த இடத்திலாவது, பத்து நிமிஷம் ஆரம்பித்துவிடுங்கள்.