வளைந்த விரல்கள்

டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். 1918ல் எட்டயபுரத்தை அடுத்த கிராமத்தில் பிறந்து, சென்னையில் படித்து, ராணுவ மருத்துவரானார். 30 வயதில் முடக்குவாதம் தாக்கியது. 1948ல் ராணுவம் அவரை விடுவித்தது. நீண்ட நாள் படுக்கைக்குப் பின் எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாகக் கோணியிருந்தன. பேனா பிடிப்பதே பாடு. பிரசவம் பார்ப்பது எங்கே?

அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். மேலோட்டமாகப் பார்த்தால் விபரீதமான தேர்வுதான். கண்புரை அறுவையில் கத்தி நூலிழை பிசகினாலும் பார்வை போய்விடும். அந்த வளைந்த விரல்களுக்கு இடையே கத்தி நிற்கும்படி கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கவே புதிதாகப் பழகினார். பின்னாளில் அதே கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

1976ல் அரசுப் பணியில் ஓய்வு. வயது 58. பலரும் ஈஸிசேரைத் தேடும் நேரத்தில், உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே நோக்கம். பணம் தரக்கூடியவர்களின் கட்டணம், தர இயலாதவர்களின் சிகிச்சைக்கு ஈடுகட்டியது. கிராமம் கிராமமாக முகாம்கள் நடந்தன. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்ததால், 1992ல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் தயாரிப்பு தொடங்கியது. வெங்கடசாமி 2006ல் காலமானார்.