பின்னிருக்கையில் வெயில்



திருத்தணியில் உறவினரைக் கண்டு, நகரி, புத்தூர் வழியே ரேணிகுண்டாவுக்குக் காரில் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பல. அச்சாலை ஏறக்குறைய நேர்வடக்காகச் செல்கிறது. ஆதலின் காலை வெயில் வலப்புறத்தையும் மாலை வெயில் இடப்புறத்தையும் தாக்கும். குழந்தையை எதிர்ப்பக்கத்தில் அமர்த்துங்கள். இதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

கண்ணாடியை ஊடுருவும் வெயில் இருக்கையைச் சுடுகிறது. எழும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. நிறுத்திய காரினுள் ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு முதல் அரைமணிக்குள் ஏறிவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும்பயன் இல்லை என்றும் 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குழந்தையின் உடலோ பெரியவர் உடலினும் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். ரயில் வந்துவிட்டதா என்று பார்த்துவர ரேணிகுண்டா நிலையத்துக்குள் செல்பவர், உறங்கும் குழந்தையையும் தூக்கிச் செல்லவே வேண்டும்.

புறப்படுமுன் கதவுகளையெல்லாம் திறந்து வையுங்கள். சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள். நம் கை தாங்கும் சூடும் பிஞ்சுத் தொடையைப் புண்ணாக்கக்கூடும். முதற் சில நிமிடங்கள் கண்ணாடிகளை இறக்கி ஓட்டி, அனற்காற்று போனபின் ஏ.சி.யைப் போடுங்கள். பின்புறம் காற்றுத்துளை இல்லாத சிறு கார்களில், முன்னிருப்பவர் நடுங்கும் வேளையிலும் குழந்தை வியர்த்துக்கொண்டிருக்கும். குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்த பின்னரே குளிரைக் குறைப்பது நன்று. நிழலுக்கென்று குழந்தை இருக்கைமேல் துணியைப் போர்த்தினால் காற்று அடைபடும். ஜன்னலில் தட்டி கட்டலாம்.

குழந்தை சோர்ந்து, உடல் கொதித்து, அழைத்தும் விழியாவிடில், நிழலில் கிடத்தி, ஆடை தளர்த்தி, உடலெங்கும் நீரால் நனைத்து விசிறுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.