பத்து மணிக்கு மேல் களைகட்டும் ஊர்

அர்ஜென்டினாவின் தலைநகரம் புவெனஸ் ஐரிஸுக்குக் கணவன் மனைவியாகப் போகிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழரை மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் இருந்தால், அதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்து உட்காரவே ஒன்பது, பத்து ஆகிவிடும். நாங்கள் எட்டு மணிக்குப் போனால், சுற்றிலும் காலி நாற்காலிகள்தான்.

என் கணவர் பட்டியல் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கிறவர். எனக்கோ ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அந்த ஊர் என் கட்சி என்பது போகப் போகத்தான் இவருக்குப் புரிந்தது.

பட்டியலில் முதலில் இருந்தது ஒபெலிஸ்கோ. ஜூலை 9 அவென்யூவின் நடுவே நிற்கும் வெள்ளைத் தூண். உயரம் 67 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஊரை முதன்முதலில் நிறுவி 400 ஆண்டு ஆனதற்காக 1936இல் சில வாரங்களிலேயே கட்டி முடித்தார்களாம். பார்க்கவும் ஐந்து நிமிடம் போதும். அந்தச் சாலையைக் கடப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்; ஒரு பச்சை விளக்கில் பாதி தூரம்தான் போக முடியும்.

வண்ண வண்ணத் தகர வீடுகள் உள்ள கமினீத்தோ தெருவுக்கு எல்லாரும் போகிறார்கள். நாங்களும் போனோம். படம் எடுக்க நல்ல இடம், அவ்வளவுதான். அந்த நேரத்தையும் ரெகொலேத்தா கல்லறைத் தோட்டத்துக்கே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கல்லறையில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அது 1822இல் தொடங்கியது. கல்லறை ஒவ்வொன்றும் ஒரு சிறு வீடு. கதவு, பூட்டு, சில இடங்களில் கோபுரம்கூட உண்டு. தெருவும் சந்தும் முச்சந்தியுமாக ஓர் ஊரே அங்கே இருக்கிறது. கண்ணாடி உடைந்த கதவு ஒன்றின் வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே தட்டுகளில் சவப்பெட்டிகள், மேலே சரிகை விரிப்பு, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

கூட்டம் நிற்கிற இடம் துவார்த்தே குடும்பத்தின் கறுப்புக் கல்லறை. 1952இல் 33 வயதில் இறந்த ஏவா பெரோன், அப்போதைய அதிபரின் மனைவி, பிறந்த வீட்டாரின் அந்தக் கல்லறையில்தான் இருக்கிறார். இறந்த பிறகு அவர் உடல் பட்ட பாடு பெரிய கதை. பதப்படுத்தி வைத்திருந்த உடலை, 1955இல் கணவர் ஹுவான் பெரோனின் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம் எடுத்து மறைத்தது. பிறகு இத்தாலியின் மிலான் நகரில் வேறு பெயரில் புதைத்தார்கள். 1971இல் ஸ்பெயினில் இருந்த பெரோனிடம் அது திரும்பக் கிடைத்தது. தாய்நாடு வந்தது 1974இல், இந்தக் கல்லறைக்கு வந்தது 1976இல். பெரோனின் சமாதியோ ஊருக்கு வெளியே சான் விசெந்தேயில். அவ்வளவு பெயர்பெற்ற தம்பதியர் ஆளுக்கோர் ஊரில் கிடக்கிறார்கள் என்று இவரிடம் சொன்னேன். இவர் கதவில் செருகியிருந்த ரோஜாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மாயோ சதுக்கத்துக்கு வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்குப் போங்கள். அங்கே தரையில் வெள்ளைத் தலைத்துணிகளை வரைந்திருப்பார்கள். ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரலில் தாய்மார்கள் சிலர் அங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். நகர்ந்தார்கள், நடுவில் உள்ள தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அந்த நடை வியாழக்கிழமைகளில் தொடர்ந்து வந்திருக்கிறது; தரையில் இருப்பது அந்தத் தாய்மார்களின் அடையாளமான தலைத்துணி.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் இத்தாலியர்கள் வந்து குடியேறியதால் பிட்சாக் கடைகளுக்குக் குறைவில்லை. கொர்ரியெந்தஸ் சாலையில் மேடை ஓரமாக நின்றுகொண்டே சாப்பிடலாம். பாலாடைக்கட்டி வழியும் துண்டின்மேல் ஃபைனா என்று ஒன்றை வைத்துத் தருவார்கள். கடித்தால் நம் கடலைமாவு! மாவும் எண்ணெயும் கரைத்து அடுப்பில் சுட்டது. ஓரம் மொறுமொறு, நடுப்பகுதி மெத்து. இவர் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

கடைசியாக மிலோங்கா, அதாவது உள்ளூர்க்காரர்கள் டாங்கோ ஆடும் கூடம். பதினோரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அங்கே யாரும் வந்து கை நீட்டி அழைப்பதில்லை. கூடத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு. பதிலுக்கு நீங்களும் அசைத்தால் ஆட்டம். பிடிக்காவிட்டால் வேறெங்காவது பார்த்தால் போதும், யாருக்கும் மானக்கேடு இல்லை. பெரும்பாலும் நான்கு பாட்டு ஒரு தொகுதி. நடுவில் நன்றி சொன்னால், “போதும், விடுங்கள்” என்று பொருள்; ஜாக்கிரதை.

தம்பதியருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜோடியாக உட்கார்ந்தால் மற்றவர்கள் அந்தப் பெண்ணை அழைக்கமாட்டார்கள். பக்கத்து மேசைப் பெரியவர் இதைச் சொன்னதும், “நான் வேண்டுமானால் அந்தப் பக்கம் போய் உட்காரட்டுமா?” என்றார் இவர். எனக்கு ஆடத் தெரியாது, பேசாமல் உட்காருங்கள் என்றேன். இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரப் பேருந்து இருந்தது. அந்த ஊரில் பல தடங்களில் விடிய விடியப் பேருந்து ஓடுகிறது.